ஃபேக்டர் 8 ஊசியா, எமிசிசுமாபா?

கடுமையான ஹீமோஃபிலியா ஏ (ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைந்த நோய்) உள்ள குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசிந்த பிறகு மருந்து தேடினால் காலம் கடந்துவிடலாம். தடுப்பு மருந்து அவசியம்; குறைந்த ஃபேக்டர் 8-ஐயே ஊசியாகப் போடுவதா, அதன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் என்ற மருந்தா என்பதுதான் கேள்வி.

போடும் முறை: ஃபேக்டர் 8 பெரும்பாலும் வாரம் 2-3 முறை, நரம்பில். கைக்குழந்தையின் கொழுகொழு கையில் நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. எமிசிசுமாப் தோலுக்கடியில், தொடக்க வாரங்களுக்குப் பின் மாதம் ஒன்றுகூடப் போதும்.

பாதுகாப்பு: ஃபேக்டர் அளவு ஏறி இறங்கும். எமிசிசுமாப் சீராக நிற்கும்.

விலை: இரண்டுமே கையைக் கடிக்கும்.

தலையில் பலமாக அடிபட்டால்: எமிசிசுமாப் போட்டிருந்தாலும் ஃபேக்டர் தேவைப்படலாம், அதுவும் ஸ்கேனுக்குக் காத்திராமல். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. சோதனை, எமிசிசுமாப் போட்டவருக்கு ஆபத்து இருந்தாலும் நார்மல் என்று காட்டும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

நரம்பு கிடைக்காத குழந்தைக்கும், இன்ஹிபிட்டர் (ஃபேக்டர் 8-ஐ வேலை செய்யவிடாமல் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்) வந்தவர்களுக்கும் என் ஓட்டு எமிசிசுமாபுக்கு. ஊசி பழகிய, விளையாட்டுக்கு முன் அளவை உயர்த்த வேண்டிய பெரிய பிள்ளைக்கு ஃபேக்டர். ஹீமோஃபிலியா பி (ஃபேக்டர் 9 குறைபாடு) என்றால் எமிசிசுமாப் உதவாது.