ஆளுக்கு ஒரு மொழியா, வேளைக்கு ஒரு மொழியா?

எனக்குச் சொந்த ஊர் பெரம்பூர், என் கணவருக்குத் திருச்சூர். மகள் பிறந்த அன்றே உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: குழந்தை எந்த மொழி பேசும்? தமிழைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. என் அம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. கீரைக்காரம்மாவிலிருந்து பூங்காவில் ஊஞ்சல் ஆட்டிவிடும் அக்காக்கள் வரை, தமிழைச் சென்னையே சொல்லிக்கொடுத்துவிடும். மலையாளம்தான் தானாக வராது. அவள் தன் அச்சம்மாவிடம், அதாவது அப்பாவின் அம்மாவிடம், நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்க்காமல் பேச வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். இப்போது அவளுக்கு மூன்றரை வயது. இரண்டு முறைகளைச் செய்துபார்த்து, ஒன்றைக் கைவிட்டு, மற்றொன்றில் நிற்கிறோம்.

அவள் பேசத் தொடங்கட்டும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் பிரித்தறிகின்றன; ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. நமக்கு த, ட சிக்கல் இல்லை. ஆனால் மலையாளத்தில் ‘ப’ ஒன்றுக்கே நான்கு எழுத்து, நான்கு ஒலி. திருமணமாகி ஏழு ஆண்டுகளாகியும் எனக்கு அதில் நாக்கு இடறுகிறது. அவளுக்கு இடறக்கூடாது.

செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்டுவதையும் மொழி கற்பிக்கும் வழி என்று சிலர் சொல்கிறார்கள். அதை நாங்கள் தொடவே இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. பாட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். எதிரில் உட்கார்ந்து ஒருவர் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைக் கற்றுக்கொண்டன. அதையே வீடியோவில் காட்டியபோது கற்கவில்லை.

எனவே முதலில் ‘ஆளுக்கு ஒரு மொழி’. அப்பா மலையாளம் மட்டும், நான் தமிழ் மட்டும். நூறு ஆண்டு கடந்த முறை இது. பிரெஞ்சு மொழியியலாளர் ழூல் ரோன்ழா, ஜெர்மன் பேசும் மனைவியோடு சேர்ந்து தம் மகனை இப்படி வளர்த்து, அதை 1913இல் நூலாகவே எழுதினார். முறை தெளிவானது, பிடித்துக்கொள்ள எளிது. இருவரும் முழுநாள் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இதையே நான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் இடித்தது நேரக்கணக்கு. கணவருக்கு வேலை ஸ்ரீபெரும்புதூரில். கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடும்போது இரவு எட்டு மணி. ஒன்பதுக்குக் குழந்தை தூங்கிவிடுவாள். குளியல், சாப்பாடு போக, அவளுக்குக் கிடைத்த மலையாளம் முக்கால் மணி நேரம். மிச்சமுள்ள பன்னிரண்டு மணி நேரமும் தமிழ். ஒன்றரை வயதில் அவர் மலையாளத்தில் கேட்பது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் மட்டும் தமிழில் வந்தது. அவரும் களைப்பில் அதை ஏற்றுக்கொண்டுவிடுவார்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டும் அல்ல என்று பிறகு தெரிந்தது. பெல்ஜியத்தில் ஏறக்குறைய 1,900 குடும்பங்களைப் பற்றி ஆனிக் டி ஹௌவர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோர் ஆளுக்கு ஒரு மொழி பேசிய வீடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் பிள்ளைகள் சிறுபான்மை மொழியை, அதாவது வெளியே ஊரில் பேசப்படாத மொழியை, பேசவில்லை. பெற்றோர் இருவருமே வீட்டில் அதைப் பேசியபோதுதான் அது நன்றாக நிலைத்தது.

அதன் பிறகு ‘வேளைக்கு ஒரு மொழி’க்கு மாறினோம். பகலெல்லாம் தமிழ். மாலை ஆறு மணிக்கு விளக்கு வைத்தபின் வீட்டில் நான் உட்பட எல்லோரும் மலையாளம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது, விளக்கு தெரியும். முக்கால் மணி நேரம் மூன்று மணி நேரமானது.

இரண்டாம் மொழிக்கு முதலீடு பெரிதல்ல, பராமரிப்புதான் பெரிது. எந்த முறை சிறந்தது என்பதைவிட, ஒவ்வொரு நாளும், காய்ச்சல் நாளிலும் விருந்தாளி வந்த நாளிலும், அந்த மொழியை யார் பேசப்போகிறார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும். மகள் மாலையில் “தண்ணீர்” என்று கேட்டால் நான் திருத்துவதில்லை, புரியாததுபோல் நடிப்பதும் இல்லை. டம்ளரைக் கையில் எடுத்து, “வெள்ளம் வேணோ?” என்று கேட்பேன். அவள் “வெள்ளம்” என்பாள், கொடுப்பேன். ஒரு நாளைக்கு இருபது முறை, முப்பது முறை. அலுப்பாக இருக்கும், ஆனால் மொழி ஊறுவது அந்த இடத்தில்தான். இரண்டு வயதில் ஒருநாள் பகலில், எதிர்வீட்டுப் பாட்டியிடம் ஓடி “வெள்ளம், வெள்ளம்” என்றாள். 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு நீரில் நின்றவர் அவர். ஒரு கணம் முகம் மாறிவிட்டது. இப்போது பாட்டியிடம் தண்ணீர், அச்சனிடம், அதாவது அப்பாவிடம், வெள்ளம் என்று அவளே ஆள் பார்த்துப் பிரித்துவிடுகிறாள்.

இரண்டு மொழியைத் திணித்தால் பேச்சு தாமதமாகும் என்று பயமுறுத்தினார்கள். இரண்டு மொழி கேட்பது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் அல்ல. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியிலும் உள்ளதைச் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். உண்மையிலேயே தாமதம் இருந்தால் ஒரு மொழியை நிறுத்தாமல் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள்.

இதில் எனக்கு இழப்பும் இருந்தது. இரவுத் தாலாட்டு என் மொழியில் இல்லை. மதியத் தூக்கத்துக்கு அதை மாற்றிக்கொண்டேன். வாழ்க்கைத்துணையின் மொழி அறவே தெரியாதவர்களுக்கு இந்த முறை சரிவருமா என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு ஏழு ஆண்டுப் பழக்கம் இருந்தது. என் உச்சரிப்புக் குறையை அச்சனும், ஓணத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கும் அச்சம்மாவும் சரிசெய்தார்கள். எங்களுக்கு இருப்பதும் ஒரே குழந்தை. இன்னொன்று வந்து, அக்காவும் தம்பியும் தங்களுக்குள் தமிழில் பேசத் தொடங்கினால் இந்தக் கணக்கு மாறலாம்.

ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். ஆங்கிலம் அங்கே வரட்டும் என்று விட்டுவிட்டோம். வீட்டுப்பாடம் மட்டும் விளக்கு வைத்தபின்தான் செய்ய முடியும். அதை மலையாளத்திலேயே விளக்கிச் சொல்லிப் பார்ப்பதாக இருக்கிறோம். எண்களின் பெயர்களை நான் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.