"சின்ன சைட்தான், ஒரு ரேட் சொல்லுங்க" என்பவர்களிடம் கவனம்

ஃப்ரீலான்ஸாக முதல் வெப் டிசைன் வேலைக்கு விலை சொல்லப்போகிறவர்கள், சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு பாதிப் பணத்தோடு கைகழுவியவர் பேசிய பேச்சு உங்களிடமும் வரும்.

அவர் கேட்டது ஐந்து பக்கத் தளம்: முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், படங்கள், தொடர்பு. "மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்க" என்றார். சொன்னதும் பேரம். "உங்களுக்கு இதுதான் முதல் வேலை, போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கலாம். எனக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேரை அனுப்புறேன்." விலை இறங்கியது. பாதி முன்பணம் வந்தது. அனுப்புவதாகச் சொன்னவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

டிசைனுக்கு ஓகே சொன்ன பிறகுதான் விஷயம் ஆரம்பித்தது. "அப்படியே ஒரு 'வாங்கு' பட்டன் மட்டும் வச்சிடுங்க."

கேட்பவருக்கு அது வெறும் பட்டன். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில், ஆன்லைன் கடை வைக்க உதவும் வூகாமர்ஸ் என்ற ப்ளகினை (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) நிறுவினால் பட்டன் வந்துவிடும், அதுவும் இலவசம்தான். வேலை அதற்கு அப்புறம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் படம், விலை, இருப்பு ஏற்ற வேண்டும். வரியும் டெலிவரி கட்டணமும் அமைக்க வேண்டும். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயை டெஸ்ட் மோடில், அதாவது நிஜப் பணம் இல்லாமல், ஓட்டிப் பார்த்து லைவுக்கு மாற்ற வேண்டும். ஆர்டர் மெயில் ஸ்பாமில் விழாமல் போய்ச் சேர்கிறதா, பணம் பிடித்தும் ஆர்டர் பதிவாகாமல் போகிறதா என்றெல்லாம் சோதிக்க வேண்டும். அந்த ஐந்து பக்கங்களைவிட இது பெரிய வேலை.

தனி விலை கேட்டேன். "நீங்க சொன்னது வெப்சைட்டுக்கு ரேட். கடையும் வெப்சைட்லதானே இருக்கு?" என்றார். ஐந்து பக்கம் என்று அவரே அனுப்பிய மெசேஜைக் காட்டினேன். அதற்குப் பதில் இல்லை. முடித்தால் மீதியோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னார், முடித்தேன். "லைவ்ல பார்த்துட்டு அனுப்பிடுறேன்" என்று அட்மின் லாகினை வாங்கினார். அடுத்த முறை உள்ளே போக முயன்றபோது என் கணக்கே இல்லை. டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) அவர் பெயரில். தளம் இன்றும் ஓடுகிறது, மீதிப் பணம் வரவே இல்லை. என் உழைப்பில் ஒருவர் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார் என்பது இப்போதும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதனால் வெறும் விலையை மட்டும் சொல்லாதீர்கள். எந்தெந்தப் பக்கம், எத்தனை முறை திருத்தம், எழுத்தும் படமும் யார் தருவது, பட்டியலில் இல்லாத வேலைக்கு மணிக்கு எவ்வளவு என்பதையும் அதே மெயிலில் எழுதி, சம்மதம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். டொமைன், ஹோஸ்டிங், காசு கொடுத்து வாங்கும் தீம் (தளத்தின் தோற்றத்துக்கான ரெடிமேட் வடிவமைப்பு) எல்லாம் உங்கள் கூலியில் சேராது, அதைத் தனியாகக் காட்டுங்கள். விலை கணக்கிடும்போது மொபைலில் சோதிப்பதற்கும், போனில் பேசுவதற்கும் ஆகும் நேரத்தைச் சேருங்கள். பேரம் பேசினால் ஒரு பக்கத்தையோ ஒரு வசதியையோ எடுத்துவிட்டுத்தான் குறைக்க வேண்டும்.

முக்கியமாக, தளம் முடியும்வரை உங்கள் சொந்த ஹோஸ்டிங்கில் இருக்கட்டும். அவர் அங்கேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். முழுப் பணம் கணக்கில் ஏறிய பிறகு மாற்றிக்கொடுங்கள், டிசைன் உரிமையும் அப்போதுதான் கைமாறும் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டு இதற்கு மறுப்பவரிடம் முன்பணம்கூட வாங்காதீர்கள்.