டென்ஸ் படிக்க எது உதவும்: வாய்ப்பாடா, பிரபலங்களின் கதையா?

காலை ஆறரை மணிக்கு மதுரை செல்லூரில் ஒரு மாடி அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன், ஒன்பது வருஷமாக. வருகிறவர்களில் பாதிப் பேர் வகுப்பு முடிந்த கையோடு மாசி வீதிக் கடைகளுக்கு வேலைக்குப் போக வேண்டும், மீதிப் பேர் கல்லூரி, வங்கித் தேர்வு என்று ஓடுகிறவர்கள். சேருகிற அன்றைக்கே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, டென்ஸ் மட்டும் புரிஞ்சிருச்சுன்னா நான் பேசிருவேன்." அதனாலேயே டென்ஸை மட்டும் பல விதமாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வாய்ப்பாடு, பிரபலமான ஒருவரின் வாழ்க்கைக் கதை, சினிமா கிரிக்கெட் செய்தி, பிரபலத்தைப் பேட்டி எடுப்பது. எது எங்கே கைகொடுக்கிறது, எது எங்கே காலை வாருகிறது என்று பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாய்ப்பாடு. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நாலு நிலை, ஆக 12 கட்டம். நம் ஊரில் பத்தாம் வகுப்பு தாண்டிய யாரை எழுப்பிக் கேட்டாலும் "ஐ கோ, ஐ ஆம் கோயிங், ஐ ஹேவ் கான், ஐ ஹேவ் பீன் கோயிங்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளையிடம் நேற்று எங்கே போனாய் என்று கேட்டால் "யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு டெம்பிள்" என்று வரும். சும்மா "வென்ட்" போதும் அங்கே. ஆனால் "ஹேட்" போட்டால் இன்னும் பழைய காலம், இன்னும் மரியாதையான இங்கிலீஷ் என்று ஒரு எண்ணம் மனதில் விழுந்துவிட்டது. இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வாய்ப்பாட்டில் 12 கட்டமும் ஒரே அளவில் இருக்கின்றன, "வென்ட்" இருக்கிற கட்டமும் "வில் ஹேவ் பீன் கோயிங்" இருக்கிற கட்டமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்று நிமிஷத்துக்கு நாலு தடவை வாயில் வரும், இன்னொன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. அதை எந்தக் கட்டமும் சொல்லித்தராது. மொபைல் ஆப்களும் என் கணக்கில் இந்தப் பக்கம்தான்: பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான், பெண் தண்ணீர் குடிக்கிறாள் என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாத வாக்கியங்கள், யார் அந்தப் பையன், எப்போது சாப்பிட்டான் என்று யாருக்கும் கவலையில்லை.

ஆனாலும் வாய்ப்பாட்டைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். வினைச்சொல்லின் மூன்று வடிவம், அதாவது சிங், சேங், சங் என்பது மனப்பாடம் இல்லாமல் வராது. கேள்வி போடுவதும் அப்படித்தான். "டிட் ஷி சேங்?" என்று கேட்கிற வாயை "டிட் ஷி சிங்?" என்று திருப்ப, கதை எவ்வளவு படித்தாலும் பத்தாது, ஏனென்றால் கதைக்குள் கேள்வியே வருவதில்லை. ஒரு மாசத்தில் எழுத்துத் தேர்வு வைத்திருக்கிறவர்களுக்கு நானே வாய்ப்பாட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அடுத்தது வாழ்க்கைக் கதை. நான் முதலில் எடுத்தது எம்.எஸ். சுப்புலட்சுமி. மதுரையில் 1916 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர், அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், 1966இல் ஐ.நா. சபையில் பாடினார், 1974இல் மகசேசே விருது, 1998இல் பாரத ரத்னா, 2004 டிசம்பர் 11 அன்று காலமானார். இவ்வளவுதான் தாளில் இருக்கும், தமிழில். இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். முதல் வரியிலேயே ஒரு தப்பு மாட்டும்: "ஷி பார்ன் இன் மதுரை". தமிழில் "பிறந்தார்" ஒரே சொல் என்பதால் அங்கே "வாஸ்" எதற்கு என்று தோன்றும். ஒரு ஆளின் கதையாகச் சொல்லும்போது "ஷி வாஸ் பார்ன்" மூன்று நாளில் வாயில் உட்கார்ந்துவிடுகிறது, ஏனென்றால் எந்தப் பிரபலத்தை எடுத்தாலும் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தப்புதான் பெரியது. ஜவுளிக்கடையில் பில் போடுகிற ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள், எழுந்து நின்று "எம்.எஸ். ஹேஸ் சங் இன் தி யுனைடெட் நேஷன்ஸ் இன் 1966" என்றாள். தமிழில் பார்த்தால் அவள் சொன்னதில் குறையே இல்லை. "1966இல் ஐ.நா.வில் பாடியிருக்கிறார்" என்று நாம் தாராளமாகச் சொல்வோம். "பாடியிருக்கிறார்" என்பதுதானே "ஹேஸ் சங்"? வகுப்பே அவள் பக்கம். இங்கிலீஷில் "ஹேஸ்" ஒரு கால் நேற்றிலும் ஒரு கால் இன்றிலும் வைத்து நிற்கிற சொல். 1966 என்று ஆண்டைச் சொன்ன உடனே நேற்றில் ஆணி அடித்தாகிவிட்டது, இன்றைக்குக் கால் எட்டாது. அதனால் "சேங்" தான். சரி, ஆண்டை எடுத்துவிட்டால் "ஹேஸ் சங்" சரியா என்று கேட்டாள். அப்போதும் வராது, ஏனென்றால் பாடியவர் இன்று இல்லை, இனிப் பாடப்போவதும் இல்லை. ஆண்டு வந்தால் "ஹேஸ்" போகும், ஆள் போனாலும் "ஹேஸ்" போகும். அந்தப் பெண் இரண்டையும் நோட்டின் உள் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள். பாட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறே. "ஹெர் சாங்ஸ் ஹேவ் டச்ட் மில்லியன்ஸ்" என்று சொல்லலாம், பாட்டு இன்னும் மார்கழிக் காலையில் தெருவில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது.

அப்புறம் அந்த "ஹேட்". இதைப் புரியவைக்க எம்.எஸ். கதையைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. 1998இல் பாரத ரத்னா வந்தபோது கணவர் சதாசிவம் உயிரோடு இல்லை, 1997 நவம்பரிலேயே போய்விட்டார். "வென் ஷி காட் தி பாரத ரத்னா, ஹெர் ஹஸ்பண்ட் ஹேட் டைட்." இங்கே "ஹேட்" எடுத்துவிட்டு "டைட்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், விருது வந்த நேரத்தில் இறந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு சம்பவமும் போன காலத்தில்தான், ஆனால் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, முந்தியதற்கு "ஹேட்". இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க "ஹேட் கான் டு டெம்பிள்" என் காதில் விழவில்லை.

ஆனால் மறைந்தவரின் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதில் எல்லாமே "வாஸ்", "சேங்", "காட்" தான். "ஹேஸ்" எங்கே வராது என்று காட்டலாம், எங்கே வரும் என்று காட்ட முடியாது. அதற்கு உயிரோடு இருக்கிற ஒருவர் வேண்டும். இளையராஜாவை எடுத்தேன். பண்ணைப்புரம் நம் பக்கத்துத் தேனி மாவட்டம், 1976இல் முதல் படம், இன்றுவரை ஆயிரம் படங்களுக்கு மேல். "ஹி ஹேஸ் கம்போஸ்ட் மியூசிக் ஃபார் மோர் தேன் எ தவுசண்ட் ஃபிலிம்ஸ்", கணக்கு முடியவில்லை, நாளைக்கு இன்னொன்று சேரும், அதனால் "ஹேஸ்". ஆனால் "ஹி பிரசென்டட் ஹிஸ் சிம்பொனி இன் லண்டன் இன் 2025", ஆண்டு வந்துவிட்டது, "ஹேஸ்" போய்விட்டது. ஒரே ஆள், அடுத்தடுத்த வரி, இரண்டு டென்ஸ். எந்த வாய்ப்பாடும் இதை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாது.

"சின்ஸ்" என்ற சொல்லும் இங்கேதான் தெளிகிறது. "1976லிருந்து இசையமைக்கிறார்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வோம், அதையே அப்படியே "ஹி இஸ் கம்போசிங் சின்ஸ் 1976" என்று போட்டுவிடுகிறோம். இந்தத் தப்பு செய்யாத ஆளை நான் மதுரையில் அதிகம் பார்த்ததில்லை. "ஹேஸ் பீன் கம்போசிங்" வர வேண்டும். ஆண்டு வந்தால் "ஹேஸ்" போகும் என்று சொன்னீர்களே அக்கா, இங்கே ஆண்டு இருக்கிறதே என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். "இன் 1976" என்றால் அந்த வருஷத்தோடு முடிந்தது, "சின்ஸ் 1976" என்றால் அங்கே ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையை வைத்துக் கேட்டால் பிடித்துக்கொள்வார்கள்: "ஹி பிகேம் சி.இ.ஓ. ஆஃப் கூகுள் இன் 2015", "ஹி ஹேஸ் பீன் சி.இ.ஓ. சின்ஸ் 2015".

உயிரோடு இருப்பவரை வைத்துப் பாடம் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மதுரையில் வளர்ந்த விஜயகாந்த் பற்றி ஒரு தாள் வைத்திருந்தேன். "ஹி ஹேஸ் ஆக்டட் இன் மோர் தேன் 150 ஃபிலிம்ஸ்" என்று அதில் ஒரு வரி. 2023 டிசம்பர் 28, வியாழக்கிழமை, அவர் காலமானார். மறுநாள் காலை வகுப்பில் பாதிப் பேர்தான், வந்தவர்களும் பாடம் கேட்கிற மனநிலையில் இல்லை. ஒரு பையன், அவன் அப்பா கேப்டனுக்காக எத்தனையோ கூட்டங்களுக்கு லாரி ஏறிப் போனவர், பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு "அக்கா, இந்த ஹேஸ அடிக்கணும்ல?" என்று கேட்டான். அடித்தான், ஒரே கோடு, அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. ஒரு சிறிய துணைவினைக்குள் ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதே அடங்கியிருக்கிறது என்று நான் எத்தனை நாள் பேசியிருந்தாலும் அந்தக் கோடு அளவுக்குப் புரிந்திருக்காது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

சினிமா கிரிக்கெட் செய்தியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இங்கிலீஷ் பேப்பர் படித்தால் இங்கிலீஷ் வரும் என்று பெரியவர்கள் சொல்வது சொல் சேர்ப்பதற்குச் சரி, டென்ஸுக்கு அதில் குழப்பம் இருக்கிறது. நேற்று இறந்தவருக்குத் தலைப்பில் "பாஸஸ் அவே" என்று நிகழ்காலம் போடுவார்கள், உள்ளே முதல் வரியில் "பாஸ்ட் அவே ஆன் தேர்ஸ்டே" என்று சரியாக எழுதுவார்கள். நாளைக்கு நடக்கப்போவதற்குத் தலைப்பில் வெறும் "டு" மட்டும் இருக்கும், "ஆக்டர் டு விசிட் மதுரை" என்று. அது தலைப்புக்கென்றே இருக்கிற சுருக்க மொழி. தலைப்பை மட்டும் பார்த்துப் படிப்பவர்கள் பேச்சிலும் அப்படியே பேச ஆரம்பிக்கிறார்கள். தலைப்பைக் கொடுத்து அதை முழு வாக்கியமாக்கச் சொல்வேன், அதற்கு நல்ல தீனி.

கடைசியாகப் பேட்டி. ஒருவர் பிரபலம், ஒருவர் நிருபர், நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என்னைக் கேட்டால் நாலிலும் இதுதான் மேல், ஏனென்றால் வாய்ப்பாட்டிலிருந்து வருகிற கேள்வியும் கதையிலிருந்து வருகிற பதிலும் இங்கேதான் ஒன்றாகச் சேர்கின்றன. "வென் டிட் யூ ஸ்டார்ட்?" என்றால் ஒரு பதில், "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ரன்னிங்?" என்றால் வேறு பதில். கூச்சமும் போகிறது. தன்னைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு வரி பேசச் சொன்னால் வியர்த்துவிடுகிற பிள்ளைகள், இன்னொருவராக உட்கார்ந்தால் பேசுகிறார்கள். யாராக உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். வடிவேலுவாக உட்கார்ந்தால் சிரித்தே மணி ஆகிவிடும். நான் தேர்ந்தெடுப்பது ரேவதி வீரமணியை. அம்மா அப்பாவைச் சின்ன வயசிலேயே இழந்து, பாட்டி வளர்ப்பில், ஷூ இல்லாமல் ஓடிப் பழகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடரோட்டத்தில் ஓடிய மதுரைப் பெண்.

அவர் கதையில் தமிழ்க்காரர்களுக்கென்றே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. "வெறுங்காலோடு ஓடுவேன்" என்று அவராக உட்கார்ந்த பெண் சொல்ல நினைத்தாள், "ஐ வில் ரன் வித்தவுட் ஷூஸ்" என்று வந்தது. நம் மொழியில் "ஓடுவேன்" என்பது நாளைக்கும் ஆகும், வழக்கத்துக்கும் ஆகும், அந்தக் காலத்துப் பழக்கத்துக்கும் ஆகும். "எங்கப்பா அஞ்சு மணிக்கு எந்திரிப்பாரு" என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? ஆனால் "மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ்" என்று சொன்னால் கேட்கிற வெள்ளைக்காரர் நாளைக் காலையைத்தான் நினைப்பார். இன்றைய வழக்கத்துக்கு "கெட்ஸ் அப்", விட்டுப்போன பழக்கத்துக்கு "யூஸ்ட் டு". "ஐ யூஸ்ட் டு ரன் பேர்ஃபுட்." வாய்ப்பாட்டின் 12 கட்டத்தில் இந்த "யூஸ்ட் டு" கிடையவே கிடையாது, பாருங்கள்.

அதனால் நான் இப்போது வைத்திருக்கிற வரிசை இது: முதல் பத்து நாள் எம்.எஸ்., அடுத்த பத்து நாள் இளையராஜா, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து. இடையிடையே வினைச்சொல் மூன்று வடிவம் தினம் ஐந்து, வாய்ப்பாட்டிலிருந்து. பிறகு மாசக் கடைசி வரை பேட்டி. எம்.எஸ். தாளில் "ஹேஸ்" போட்ட அந்த ஜவுளிக்கடைப் பெண் போன மாசம் ரேவதியாக உட்கார்ந்தாள். நிருபராக இருந்தவன் பாட்டியைப் பற்றிக் கேட்டான். "மை கிராண்ட்மதர் ரெய்ஸ்ட் மீ" என்று ஆரம்பித்தவள், கொஞ்சம் நிறுத்தி, "ஷி ஹேஸ் ஆல்வேஸ்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டி இருக்கிறாரா என்று உறுதியாகத் தெரியாமல் "ஹேஸ்" போடலாமா என்பதுதான் அவள் சந்தேகம்.