பெட்டகத்துக்குள் எட்டிப் பார்க்க முதல் கருவி: வயர் கெமராவா, நேர்க்குழாயா?

"அண்ணே, பெட்டக வேலைக்கு இறங்கப் போறேன். முதல்ல எந்தக் கெமராவை வாங்குறது?" ஹற்றனில் சாவி வெட்டும் தம்பி ஒருவர் போன வாரம் இப்படிக் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மலையகத்தில் எனக்கு வருகிற பெட்டகங்கள் இரண்டு வகை. ஒன்று, தோட்டக் கந்தோர்களில் துரைமார் காலத்திலிருந்தே அசையாமல் நிற்கும் இரும்புப் பெட்டி. கனத்த கதவு, சாவி உள்ளே உள்ள லீவர் தகடுகளைத் தூக்கினால் திறக்கும் லீவர் பூட்டு. மற்றது, டவுனில் அடகுக்கடை, நகைக்கடைகளில் இருக்கும் புதிய இலக்கப் பூட்டுப் பெட்டகம். இரண்டிலும் சாவித்துவாரத்தின் வழியாகவோ சிறு துளையின் வழியாகவோ உள்ளே பார்க்க வேண்டிய நேரம் வரும். அதற்குத்தான் போர்ஸ்கோப்.

மலிவானது வயர் கெமரா. போனில் குத்தினால் படம் வரும். தலையின் தடிப்பு பெரும்பாலும் 5.5, 7 அல்லது 8 மில்லிமீற்றர். வாங்குவதானால் 5.5ஐ மட்டும் பாருங்கள்; மற்றவை சாவித்துவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். பெட்டியில் "எச்டி" என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது, எவ்வளவு தூரத்தில் படம் தெளியும் என்பது. இந்த வகையில் பல கெமராக்கள் 3 முதல் 8 சென்ரிமீற்றர் வரைதான் தெளிவாகக் காட்டும். பூட்டுக்குள் லீவர் இருப்பதோ ஒரு சென்ரிமீற்றர் தள்ளி. தண்ணீர்க் குழாய் பார்க்கிறவருக்கு அது நல்ல கெமரா, நமக்கு அது புகை மூட்டம்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சம்பளத்துக்கு முதல் நாள் சாவி உள்ளேயே முறிந்துவிட்டது. நான் கொண்டுபோனது வயர் கெமராதான். பித்தளை லீவரில் எல்ஈடி வெளிச்சம் பட்டுத் தெறித்து, திரை முழுக்க வெள்ளை. வெளிச்சத்தைக் குறைத்தால் இருட்டு. வயரைத் திருப்பினால் படமும் சேர்ந்து சுற்றியது; மேல் எது, கீழ் எது என்றே பிடிபடவில்லை. அரை நாள் போயிற்று. கந்தோர் வாசலில் ஆட்கள் காத்து நின்றதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

நுனி வளையும் ரகம் ஒன்றும் உண்டு. பிடியில் உள்ள சில்லைத் திருப்பினால் தலை இடமோ வலமோ மடங்கும். மோட்டார் மெக்கானிக்குக் கை கொடுக்கும். ஆனால் தலை மடங்கித் திரும்ப உள்ளே கொஞ்சம் இடம் வேண்டும். பூட்டுப் பெட்டிக்குள் அந்த இடம் கிடையாது. மெல்லியதாக வாங்கப் போனால் விலை ஏறிவிடும். முதல் கருவியாக இதை நான் சொல்லமாட்டேன்.

அப்புறம் நேர்க்குழாய். இது வளையாது. எஃகுக் குழாய்க்குள் கண்ணாடிக் கோல்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஆங்கிலேய இயற்பியலாளர் ஹரல்ட் ஹொப்கின்ஸ் 1959இல் காப்புரிமைக்குக் கொண்டுபோன முறை. வைத்தியர்கள் மூட்டுக்குள்ளும் சிறுநீர்ப்பைக்குள்ளும் பார்க்க இதைப் பாவிப்பார்கள். தடிப்பு பெரும்பாலும் 4 மில்லிமீற்றர். மூட்டுக்கு வைப்பது குட்டை, சிறுநீர்ப்பைக்கு வைப்பது சுமார் 30 சென்ரிமீற்றர் நீளம். பெட்டகக் கதவின் கனத்துக்கு நீளமானதே சரி. கிட்ட இருப்பதும் தள்ளி இருப்பதும் ஒன்றாகத் தெளியும். குழாயைக் கையில் பிடித்திருக்கிறபடியால் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பது விரலுக்கே தெரியும். நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோணத்தில் கவனம் வேண்டும். 0 டிகிரி நேரே மட்டும் பார்க்கும். 70 டிகிரி பக்கவாட்டை அழகாகக் காட்டும், ஆனால் முன்னால் இருப்பது தெரியாது. உள்ளே விடும்போது இடித்துவிடுவீர்கள். ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால் 30 டிகிரி. முன்பக்கமும் தெரியும், குழாயைச் சுழற்றினால் சுற்றுப்புறமும் தெரியும்.

புதிது கைக்கு எட்டாது. பாவித்ததை வாங்கும்போது ஒரு பத்திரிகையை ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஓரத்தில் பிறை மாதிரி நிழல் விழுந்தால் குழாய் வளைந்திருக்கிறது. துடைத்தும் போகாத மங்கல் இருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. இரண்டையும் தொட வேண்டாம். குழாய்க்கு வெளிச்சம் கொண்டுவரும் கேபிளைப் பொருத்தும் இடம் கம்பனிக்குக் கம்பனி மாறும். அடாப்டரும் சேர்த்துக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த சாமான் என்பதால், தொற்று நீக்கித் தந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே கையில் எடுங்கள்.

இதன் பலவீனம் கண்ணாடி. துளைக்குள் விட்டு நெம்பினால் அன்றோடு முடிந்தது. துளையிட்ட இரும்புத் தூளைக் காந்தத்தால் எடுத்த பிறகே உள்ளே விட வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது இது: வீட்டுப் பூட்டும் முறிந்த சாவியும்தான் வருகிறதென்றால் 5.5 வயர் கெமரா போதும். பெட்டகம் என்று இறங்கினால் அந்தக் காசைச் செலவழிக்காமல் சேர்த்து, பாவித்த 4 மில்லிமீற்றர், 30 டிகிரி நேர்க்குழாய் வாங்குங்கள். எதை வாங்கினாலும் உரிமையாளரின் கடிதம் கையில் வராமல் பெட்டகத்தைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, நம்ம ஊர்க் குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். விடியக்காலை வான் வண்டிக்குள் கிடந்த குழாயை ஆள் நிறைந்த சூடான அறைக்குள் எடுத்தவுடன் கண்ணாடி வேர்க்கும். பத்து நிமிடம் கோட்டுப் பைக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு எடுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் வையுங்கள். இந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் எடுக்காது.