பனிச்சறுக்கு ஜாக்கெட் வாங்கப் போகிறீர்களா? எனக்கு 6,800 ரூபாய் போச்சு

மதுரையில் ஸ்கீ ஜாக்கெட் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. பயணப் பை, ஸ்வெட்டர், ரெயின்கோட் விற்கிற கடை. வாட்ஸாப்பிலும் ஆர்டர் எடுப்பார்கள்.

தெளிவாகத்தான் கேட்டேன்: உத்தரகாண்டில் ஔலிக்கு ஸ்கீ பழகப் போகிறேன், பனியில் விழுந்து புரளுவேன், நனையக்கூடாது. கடைக்காரர் இரண்டு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டார். ஹார்ட்ஷெல் மெலிசாக, மொடமொடவென்று இருந்தது. சாஃப்ட்ஷெல் இழுத்தால் நீளும், உள்ளே மெத்தென்று ஃபிளீஸ் என்கிற கதகதப்புத் துணி. "ஹார்ட்ஷெல் வெறும் மழைக்கோட்டுதான்க்கா, குளிர் தாங்காது. இது நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்" என்று சாஃப்ட்ஷெல்லின் கைமேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். சேம்பு இலையில் விட்டதுபோல் உருண்டு ஓடியது. "நான் மணாலியில வேலை பார்த்தவன்க்கா, நம்பி எடுங்க." மதுரைப் புழுக்கத்தில் போட்டுப் பார்த்தால் எதுதான் கதகதப்பாக இருக்காது! 6,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

தண்ணீர் ஓடியது மேல்பூச்சால். பனியில் விழுந்து கிடந்தால் உடல் சூட்டில் பனி உருகி, நம் எடை அழுத்த அழுத்தத் துணிக்குள் இறங்கும். மதியத்துக்குள் தோளும் முழங்கையும் தையல் வழியாக ஊறி, பல் கிட்டிக்கொண்டது. ஸ்கீ சொல்லிக்கொடுத்தவர் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்: தையல் துளை வழியாக நீர் புகாமல் மேலே ஒட்டுகிற டேப்பே இல்லை. பனி பெய்யாத நாளில் மேடேறி வியர்க்கிறவர்களுக்குத்தான் இது சரி என்றார். அந்த மொடமொட ஹார்ட்ஷெல்லில்தான் நீர் புகாத சவ்வு இருந்திருக்கிறது. குளிருக்கு அதற்குள்ளே ஒரு ஃபிளீஸ் போட்டால் முடிந்தது. மணாலியில் வேலை பார்த்தவருக்கு இது தெரியாதாம்!

ஔலிக்குப் பக்கத்து ஊரான ஜோஷிமட்டிலிருந்தே கடைக்குப் போன் போட்டேன். "துவைச்சீங்களாக்கா?" ஊருக்கு வந்து நேரில் போனால், "ஓனர் வெளியூர்." அப்புறம், "பில்லைப் பாருங்க, விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்." கடைசியில், "பனின்னா நனையத்தானேக்கா செய்யும்?" அப்போது அந்த டம்ளர் தண்ணீர் எதற்கு? நான் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் மட்டும். அதே ஜாக்கெட்டை, அதே வாட்டர்ப்ரூஃப் புளுகோடு இன்றைக்கும் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. உள்பக்கம் திருப்பித் தையல் டேப்பைப் பாருங்கள். லேபிளில் நீர் தாங்கும் அளவு 10,000 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கடைக்காரர் சொல்வதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் கொடுத்துவிட்டேன். 6,800 ரூபாய், சும்மா விடப்போவதில்லை.