தைரிய வார்த்தையா, செய்முறை வார்த்தையா?

கோல்ஃப் பந்தின் முன் நின்றதும் நெஞ்சு படபடக்கிறது, கிளப் என்னும் மட்டையைப் பிடித்த விரல்கள் இறுகுகின்றன. அப்போது மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்வது? பலர் "உன்னால் முடியும், பயப்படாதே" என்று தைரியம் சொல்லிக்கொள்வார்கள். சிலர் "மெதுவாகப் பின்னே, சீராக முன்னே" என்று செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொள்வார்கள்.

முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து, பந்தை வெகுதூரம் அனுப்பும் டிரைவர் மட்டையைச் சுழற்றும்போது தைரிய வார்த்தை பரவாயில்லை; அங்கே வேகமும் துணிச்சலும் வேண்டும். "தண்ணீரில் போட்டுவிடாதே" மட்டும் வேண்டாம். சொன்ன மாத்திரத்தில் கண் குளத்துக்குத்தான் போகும்.

மூன்றடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்' வேறு கதை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்தான். அப்படி உருட்டும் மட்டையான பட்டரின் முகம் கொஞ்சம் திரும்பினாலும் பந்து விளிம்பைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். இப்படிப்பட்ட நுட்பமான அசைவுக்குச் செய்முறை வார்த்தையே கூடுதலாக உதவுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியான ஒரு கட்டுரை சொல்கிறது. என் ஓட்டும் அதற்கே. ஆனால் "தோளைத் தளர்த்து, மணிக்கட்டை மடக்காதே, தலையைத் தூக்காதே" என்று பாடம் நடத்த ஆரம்பித்தால் போச்சு, பழகிய கை தடுமாறிவிடும். "சீராக" என்ற ஒரே சொல் போதும். மூச்சை விட்டபடி அதைச் சொல்லி, மூச்சு முடிந்ததும் அடித்துவிட வேண்டும். ஒரு அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. நீளமாகப் பேச நேரம் ஏது?

அடி தப்பிய பிறகு? அப்போது செய்முறை எதற்கும் உதவாது. "சரி, போனது போகட்டும்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த பந்தை நோக்கி நடக்கலாம்.