என்எஃப்எஸ்ஸா, சாம்பாவா: சர்வர் போன பிறகு எது விடும்?

வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பை ஃபைல் சர்வராக ஓட்டுகிறேன், லேப்டாப்பில் உபுண்டு. சர்வரில் உள்ள ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக லேப்டாப்பில் திறக்க இரண்டு வழி: லினக்ஸ் உலகில் வழக்கமான என்எஃப்எஸ் (NFS), விண்டோஸ் முறையில் பகிரும் சாம்பா (Samba). மூன்று வருடம் என்எஃப்எஸ்ஸில் இருந்துவிட்டுப் போன வருடம் சாம்பாவுக்கு மாறினேன். இரண்டு பக்கமும் லினக்ஸாக இருக்கும்போது நடுவில் எதற்குச் சாம்பா என்று நண்பர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். வேகம் பற்றிக் கேட்டால், என் வைஃபையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்கள் இருந்தால் என்எஃப்எஸ் கொஞ்சம் சுறுசுறுப்பு. செட்டப்பில் என்எஃப்எஸ்ஸுக்கு சர்வர் பக்கம் ஒரு வரி போதும், சாம்பாவுக்கு ஏழெட்டு வரியும் தனி பாஸ்வேர்டும் வேண்டும். இதெல்லாம் ஒரு நாள் வேலை, செய்தால் மறந்துவிடும். மறக்க விடாதது அன்மவுன்ட்தான்: லேப்டாப்பில் இணைத்த (மவுன்ட் செய்த) சர்வர் ஃபோல்டரை, அதாவது ஷேரை, கழற்றுவது.

ஒரு நாள் கரண்ட் போய் சர்வர் அணைந்துவிட்டது, லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க டிஎஃப் (df) கட்டளையை அடித்தேன். கர்சர் சிமிட்டுகிறது, ஒரு வரிகூட வரவில்லை. இன்னொரு டெர்மினலில் ஷேரைக் கழற்றும் யூமவுன்ட் (umount) அடித்தால் அதுவும் அப்படியே நிற்கிறது. எந்த ப்ராசஸ் (ஓடும் ப்ரோகிராம்) ஷேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையைக் கேட்டால் அதுவும் போய் அதே குழியில் விழுகிறது, ஏனென்றால் அதுவும் அந்தச் செத்த ஷேரைத் தொட்டுப் பார்க்கிறது. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ்ஸில் (ps) எல்லாம் 'டி' (D) நிலை, அதாவது பதிலுக்காகக் காத்து அசையாமல் நிற்பவை. ப்ராக் டைரக்டரியில் இருக்கும் மவுன்ட்ஸ் ஃபைலைப் (/proc/mounts) படித்தால் மட்டும்தான் எது மவுன்ட் ஆகியிருக்கிறது என்பது தொங்காமல் வரும்.

இது என்எஃப்எஸ்ஸின் பிழை இல்லை, அதன் குணமே இதுதான். ஒன்றும் சொல்லாமல் மவுன்ட் செய்தால் 'ஹார்ட்' முறை. வழக்கமான டிசிபி (TCP) இணைப்பில் ஒரு கோரிக்கைக்கு 60 விநாடி காத்திருக்கும் (ஆப்ஷனில் 600 என்று இருக்கும், கணக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கில்), பதில் வராவிட்டால் ஓரிரு முறை திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டு, லினக்ஸின் மையமான கெர்னலின் லாகில் சர்வர் பதில் சொல்லவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பவும் முயலும், முடிவே கிடையாது. நீங்கள் சேவ் செய்த ஃபைல் இன்னும் மெமரியில் நிற்கலாம், அதை சர்வரில் சேர்க்காமல் விடமாட்டேன் என்கிற பிடிவாதம். சர்வர் திரும்பி வந்தால் காப்பி விட்ட இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும், அது உண்மையிலேயே அழகு. வயரில் கட்டிப்போட்ட டெஸ்க்டாப்புக்கு இதைவிட நல்லது வேண்டாம். மூடியைச் சாத்திப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும் லேப்டாப்புக்கு இந்த விசுவாசத்தால் என்ன பயன்?

'சாஃப்ட்' ஆப்ஷன் போட்டால் சில முயற்சிக்குப் பிறகு பிழை கொடுத்துவிட்டு விலகிவிடும். ஆனால் எழுதும் ஷேரில் அப்படிப் போட்டால் டேட்டா சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம் என்று அதன் கையேடான மேன் பேஜே எச்சரிக்கிறது. படம் பார்க்க மட்டும் என்று ரீட்-ஒன்லியாக வைத்த ஷேர் என்றால் தாராளமாகப் போடலாம்.

தொங்கிவிட்டால் நான் செய்வது: முடிந்தால் முதலில் சர்வரை எழுப்புவேன், மற்ற எதையும்விட அதுதான் சுத்தமான வழி. முடியாவிட்டால் யூமவுன்ட்டோடு மைனஸ் எஃப், அது காத்திருக்கும் கோரிக்கைகளை முறிக்கப் பார்க்கும், சில சமயம் இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். கடைசியில் மைனஸ் எல். அது ஷேரை ஃபோல்டர் மரத்திலிருந்து கழற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிறது, அவ்வளவே. தொங்கின ப்ராசஸ்கள் அப்படியேதான் இருக்கும், வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9-க்குச் சாகிறவை சாகும், மற்றவை ரீபூட்டுக்கு.

சாம்பா ஷேரை லேப்டாப்பில் மவுன்ட் செய்யும் பகுதியான சிஃப்ஸ் (cifs), சொல்லாமலே 'சாஃப்ட்' பக்கம் நிற்கிறது. இடையிடையே சர்வருக்கு ஒரு எக்கோ அனுப்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும், வழக்கமான இடைவெளி 60 விநாடி, நான் மவுன்ட் ஆப்ஷனில் 10 ஆக்கியிருக்கிறேன். பதில் இல்லையென்றால் ஹோஸ்ட் இஸ் டவுன் என்று பிழை கொடுக்கும், ஃபைல் மேனேஜர் ஒரு முனகலோடு மீண்டுவிடும், யூமவுன்ட்டும் போகும். மாறிய பிறகு இதே மாதிரி கரண்ட் போன சமயங்களில் எனக்கு ரீபூட் தேவைப்படவில்லை. பெரிய காப்பி நடுவில் சர்வர் போனபோது மட்டும் ஓரிரு நிமிடம் இழுத்தது, அந்தக் காப்பியும் பாதியில் போச்சு, மறுபடி ஆரம்பித்தேன். டேட்டாபேஸோ விர்ச்சுவல் மெஷின் டிஸ்க்கோ இதில் வைக்கமாட்டேன். விபிஎன் வழியாக இந்த 10 விநாடி எப்படி நடந்துகொள்ளும் என்று நான் பார்த்ததில்லை, வீட்டு வைஃபையில் மட்டும்தான் என் அனுபவம்.

மூன்றாவது வழியான, எஸ்எஸ்எச் இணைப்பு மூலம் ஃபோல்டரைக் காட்டும் எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸை (SSHFS) இரண்டு மாதம் ஓட்டினேன், அதனால் பெரிதாகச் சொல்லத் தகுதி இல்லை. விடுவதில் மூன்றிலும் சுலபம் அதுதான்: ஒரு சாதாரண ப்ராசஸ்தானே, அதைக் கொன்றுவிட்டு மவுன்ட்டைக் கழற்றலாம்.

ஷட்டவுன் நேரத்தில் திரையில் ஸ்டாப் ஜாப் என்று ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டிருப்பது என்எஃப்எஸ், சாம்பா இரண்டிலும் எனக்கு வந்தது. காரணம் ஷேரே இல்லை: வைஃபை இணைப்பு என் யூசருக்கு மட்டும் என்று சேமிக்கப்பட்டிருந்தது, லாக்அவுட் ஆனதும் வைஃபை முதலில் போய்விடும், அப்புறம் அன்மவுன்ட் யாரிடம் பேசும்? எல்லா யூசருக்கும் என்று ஒரு டிக் போட்டதும் சரியானது. எதை எங்கே மவுன்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேபில் (fstab) சிஸ்டம்டி ஆட்டோமவுன்ட்டும் ஐடில் டைம்அவுட்டும் சேர்த்துவிடுங்கள், தொடாத ஷேர் தானே கழன்றுகொள்ளும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது உதவும்.

சாம்பாவில் எனக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்று உண்டு. எல்லா ஃபைலும் 755 (யார் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்ற அனுமதி எண்) என்று தெரிகிறது, அதை மாற்ற சேஞ்ச்மோட் (chmod) செய்தால் நிற்பதில்லை, கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் (git) ரெப்போவைத் திறந்தால் ஒரு எழுத்துகூட மாற்றாத ஃபைல்களை மாறியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டுகிறது. ஆப்ஷன் போட்டு மல்லுக்கட்டிப் பார்த்தேன், அலுத்துவிட்டது. இப்போது கோட் ஃபோல்டர் லேப்டாப்பிலேயே இருக்கிறது, ராத்திரி காப்பி செய்யும் ஆர்சிங்க் (rsync) அதை சர்வருக்குத் தள்ளிவிடுகிறது.